கம்பிக்குக் கீழே எரிந்த கரும்பு

பணி ஓய்வு விழாவில் எனக்கு வாசித்தளித்த மடலில், "தன் ஆய்வின் தவறைத் தானே முன்வந்து ஒப்புக்கொண்ட துணிச்சல் மிக்கவர்" என்று ஒரு வரி இருந்தது. எழுதியவர்கள் எங்கள் மையத்தின் இளம் ஆய்வாளர்கள். நல்ல பிள்ளைகள்தான். ஆனால் அந்த வரியைக் கேட்டதும் மேடையில் பொன்னாடைக்குள் நெளிந்தேன். விழா முடிந்ததும் அவர்களே வந்து, "மேடம், அந்தக் கதையை முழுசா எழுதிக் குடுங்க, மலர்ல போடலாம்" என்றார்கள். 'முன்வந்து' என்ற சொல்லையாவது திருத்திவிடலாமே என்று ஒப்புக்கொண்டேன். நான் முன்வரவில்லை. முதுகில் கை வைத்துத் தள்ளினார்கள், போய் நின்றேன்.

முதலில் என் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழகத்தில் காட்டுத்தீக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவை ஆராய்ந்தேன். எந்தக் கம்பியால் எங்கே தீப்பிடிக்கிறது, காற்றும் வெயிலும் சேர்ந்த நாட்களில் மின்சாரத்தை நிறுத்தி வைக்கலாமா, நிறுத்தினால் யார் தலையில் விடியும், அதற்கு அரசு என்ன விதி போட வேண்டும், இதெல்லாம்தான் இருபத்தாறு வருடம் எனக்குச் சோறு போட்டது. அம்மாபேட்டையில் என் உறவுக்காரர்களுக்கு இது கடைசிவரை விளங்கவே இல்லை. கரண்ட் போனால் எனக்குப் போன் வரும். எப்போது வரும் என்று கேட்பார்கள். தெரியாது என்றால், "பெரிய படிப்பு படிச்சு என்ன பிரயோஜனம்" என்று வைத்துவிடுவார்கள். என் சின்னம்மா கடைசிவரை நான் தீயணைப்பு நிலையத்தில் இருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். சீருடை ஏன் போடுவதில்லை என்பது மட்டும் அவருக்குக் குறை.

நான் படித்தது பொருளாதாரம். மின்சாரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதுதான். வேலைக்குச் சேர்ந்த முதல் இரண்டு வருடத்தில் கம்பம், டிரான்ஸ்பார்மர், உயரழுத்தம், தாழ்வழுத்தம் எல்லாவற்றையும் படம் பார்த்துக் கற்றுக்கொண்டேன். படத்தில் கம்பிகளுக்கு எழுத்து போட்டிருப்பார்கள். வெளியே போட்டிருப்பதில்லை என்பது முதல் களப்பணியில்தான் உறைத்தது. நாமக்கல் பக்கம் ஒரு மலையடிவாரக் கிராமம். கம்பி எவ்வளவு தொங்குகிறது என்று தரையிலிருந்தே அளக்கும் கருவியோடு போயிருந்தேன். ஒரு மணி நேரம் வெயிலில் நின்று பதினோரு கம்பங்களுக்கு அளவு எடுத்து நோட்டில் எழுதினேன். கம்பி அநியாயமாகத் தொங்கியது. பெரிய கண்டுபிடிப்பு செய்துவிட்டோம் என்று எண்களுக்கு அடியில் இரண்டு கோடு போட்டேன்.

அந்தப் பகுதி வயர்மேன் நாச்சிமுத்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். காக்கிச் சட்டை, காதில் சொருகிய பென்சில், இடுப்பில் இடுக்கி. நான் பன்னிரண்டாவது கம்பத்துக்குப் போகும்போதுதான் வாய் திறந்தார்.

"ஏனுங்க டீச்சர், ஒண்ணு கேட்டாத் தப்பா நெனைக்க மாட்டீங்ளே?"

"கேளுங்க."

"நீங்க அளக்குறது கேபிள் டிவி கம்பிங்க. நம்முளுது அதுக்கும் மேல போகுது பாருங்க."

நான் அண்ணாந்து பார்த்தேன். போகத்தான் செய்தது. "முதல் கம்பத்துலயே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"பல்கலைக்கழகத்துல இருந்து வந்திருக்கீங்க. கேபிள் டிவிக்குத்தான் ஆராய்ச்சி போலன்னு இருந்துட்டனுங்க."

அன்றிலிருந்து நாச்சிமுத்துவும் நானும் சிநேகம். அந்த அடிவாரத்தில் எங்கே போனாலும் அவரைக் கேட்காமல் நான் அண்ணாந்து பார்ப்பதில்லை.

எங்கள் மையத்தின் தலைவர் பேராசிரியர் திருமூர்த்தி. அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் நடந்த கூத்துக்கு மூலகாரணம் நான் அவரை ஏமாற்றியது. ஒல்லியான மனிதர். யாரையும் ஒருமையில் அழைக்க மாட்டார், பெருக்க வருகிற பெண்ணைக்கூட "வாங்கம்மா" என்பார். குரல் உயர்த்திப் பேசியதே இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமை மதியம் என்றால் எங்களில் பாதிப் பேர் லீவு கேட்போம். அன்றுதான் அறிக்கை வாசிப்பு. எழுதியவர் நின்றுகொண்டு தன் அறிக்கையை வரிவரியாக வாய்விட்டு வாசிக்க வேண்டும். அவரும் உட்கார மாட்டார். ஜன்னல் ஓரம் பென்சிலோடு நிற்பார். ஒவ்வொரு உண்மைத் தகவலுக்கும் நிறுத்திவிட்டு ஒரே கேள்வி கேட்பார்: "இதை எங்க நின்னு பார்த்தீங்க?"

அவருக்குத் தேவை இடம். 'வயலின் வடக்கு வரப்பில்', 'துணைமின் நிலையத்து வாசலில்' என்று சொல்ல வேண்டும். ஓரத்தில் அதைப் பென்சிலால் குறிப்பார். இடம் சொல்ல முடியாத வரியைச் சுற்றி வட்டம் போடுவார். வட்டம் போட்ட வரிகள் ஒன்று நீங்க வேண்டும், அல்லது எழுதியவர் பஸ் பிடித்துப் போய் நின்றுவிட்டு வர வேண்டும். நாற்பது பக்க அறிக்கை நான்கு வெள்ளிக்கிழமை தின்னும். வெளியூர் மாநாடுகளில் மற்றவர்கள் வருடத்துக்கு ஐந்து கட்டுரை போடுவதைப் பார்த்துவிட்டு வந்து நாங்கள் அவரைத் திட்டிக்கொண்டிருப்போம். அதிகம் திட்டியது நான்தான்.

அந்தச் சமயத்தில்தான் கரும்புத் தீ ஆய்வு எங்களிடம் வந்தது. அடிவாரத்தில் மாசி, பங்குனியில் கரும்புக்காடுகள் எரியும். சில சமயம் தீ அங்கிருந்து கரடு என்கிற பாறைக் குன்றில் ஏறி, அங்கே ஆள் உயரத்துக்குக் காய்ந்து நிற்கும் போதைப்புல்லில் பிடித்து, மலைக்காட்டுக்குள் போய்விடும். வனத்துறைக்காரர்கள் விவசாயியைச் சொல்வார்கள். விவசாயி கம்பியைச் சொல்வார். மின்சார அலுவலகம் காற்றைச் சொல்லும். யார் சொல்வது சரி என்று நாங்கள் கண்டுபிடித்துத் தர வேண்டும்.

நான் செய்தது இதுதான். தீயணைப்பு நிலையத்துக்குப் போய், அழைப்புப் பதிவேட்டை நகல் எடுத்தேன். அதில் தேதி, நேரம், ஊர், யாருடைய வயல், காரணம் என்று கட்டங்கள். பிறகு ஒவ்வொரு வயலையும் வரைபடத்தில் குறித்து, மின்கம்பிகளை அதன் மேல் வரைந்தேன். பார்த்தால், எரிந்த வயல் அநேகமாக எல்லாம் கம்பிக்குக் கீழேயோ, கம்பியை ஒட்டியோ இருந்தது. காரணக் கட்டத்தில் வரிசையாக 'மின்கசிவு', 'மின்கசிவு' என்றே இருந்தது. சிவப்புப் புள்ளிகள் கம்பியோடு வரிசை கட்டி நின்ற அந்தப் படத்தை நான் பத்து நாள் மேசையிலிருந்து எடுக்கவே இல்லை. அவ்வளவு அழகு.

வெள்ளிக்கிழமை வாசிப்புக்கு அதைக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு புள்ளிக்கும் வட்டம் விழும். அந்த நேரம் பார்த்துத் திருமூர்த்தி சாருக்குக் கண்புரை அறுவை சிகிச்சை. அறிக்கைக்குக் கெடு நெருங்கிவிட்டது என்று சொல்லிக்கொண்டு, ஆப்பிளும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு, மருத்துவமனைக்கே போனேன். ஒரு கண்ணில் கட்டுப் போட்டுக் கட்டிலில் சாய்ந்திருந்தார்.

"எல்லாம் பார்த்தாச்சா?" என்றார்.

"பார்த்தாச்சு சார்."

"எல்லா இடத்துலயும் நின்னீங்களா?"

"நின்னேன் சார்."

ஒற்றைக் கண்ணால் இடம் தேடி, நான் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். நான் நின்றது தீயணைப்பு நிலையத்தில் நகல் எடுக்கும் இயந்திரத்தின் முன்னால். அதையும் நின்றது என்றுதானே சொல்வார்கள் என்று பஸ்ஸில் வரும்போது மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அறிக்கை வெளிவந்தது. இரண்டு பரிந்துரைகள். தொங்கும் கம்பிக்கு அந்தப் பகுதிப் பணியாளரைப் பொறுப்பாக்க வேண்டும் என்பது ஒன்று. காற்று வீசும் வறண்ட பிற்பகல்களில் அடிவாரப் பாதைகளுக்கு மின்சாரத்தை நிறுத்த வேண்டும் என்பது இன்னொன்று. நாமக்கல்லில் ஒரு மண்டபத்தில் கூட்டம் போட்டு விளக்கினேன். பேசி முடித்ததும் முன்வரிசையிலிருந்து ஒரு கோழிப்பண்ணைக்காரர் எழுந்தார்.

"டீச்சருங்க, பங்குனி வெயில்ல மதியம் ரண்டு மணிக்குக் கரண்ட நிறுத்தச் சொல்றீங்க. நல்லதுங்க. எங்க செட்டுல இருக்குற கோழிக்கெல்லாம் ஆருங்க விசிறி விடறது?"

மண்டபம் சிரித்தது. ஆய்வில் கோழி வரவே இல்லை. நாமக்கல்லில் நின்றுகொண்டு கோழியை மறந்து ஒரு மின்சாரக் கொள்கை எழுதியது உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருக்கும். மின்நிறுத்தப் பரிந்துரை அன்றே அந்த மண்டபத்திலேயே செத்தது. ஆனால் முதல் பரிந்துரை பிழைத்துக்கொண்டது. மறுநாள் பத்திரிகையில், 'கம்பிக்குக் கீழேதான் தீப்பிடிக்கிறது: பல்கலைக்கழக ஆய்வு' என்று என் படத்தோடு செய்தி வந்தது. நான் ஆறு பிரதி வாங்கினேன்.

அடுத்த வருடம் மாசிக் கடைசியில் அடிவாரத்தில் குப்பணன் என்ற விவசாயியின் கரும்பு எரிந்தது. அன்றைக்குக் காற்று. தீ கரடு ஏறி, இரண்டு நாள் மலைக்காட்டில் எரிந்தது. ஆள் சேதம் இல்லை. ஆனால் சேலத்திலிருந்து பார்த்தால்கூடப் புகை தெரிந்தது என்றார்கள். பத்து நாள் கழித்து நாச்சிமுத்து எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். துணிக்கடைப் பையில் எதையோ சுருட்டி வைத்திருந்தார். எடுத்து மேசையில் விரித்தார். அவருக்கு வந்த சார்ஜ் மெமோ. அவர் பராமரித்த கம்பி தொங்கி, உரசி, பொறி விழுந்து காடு எரிந்ததாக. ஆதாரம் என்ற இடத்தில் என் அறிக்கை, பக்க எண்ணோடு.

"எனக்கு ஓய்வுக்கு அஞ்சு மாசந்தானுங்க இருக்குது" என்றார். "விசாரணை முடியாம உடமாட்டாங்க. பென்சனும் நின்னு போகும்ங்கறாங்க. உங்க அறிக்கையில எம்பேரு எங்கீங்க இருக்குது? நாலு வாட்டி படிச்சுட்டனுங்க."

"உங்க பேரு இல்லைங்க."

"அப்பறம் ஏனுங்க என்னையக் கேக்குறாங்க?"

கோபமாகக் கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் நிஜமாகவே விளக்கம் கேட்டார். கேபிள் டிவிக் கம்பியைப் பொறுமையாகக் காட்டிக்கொடுத்த மனிதர். நான் காபி சொல்லிவிட்டு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்தக் கம்பிய நான் தை மாசந்தானுங்க இழுத்துக் கட்டுனேன்" என்றார். "வந்து ஒருக்காப் பாருங்களேன்."

மறுநாள் போனேன். ஆய்வுக்கென்று வாங்கிய தொலைநோக்கி பெட்டி பிரிக்காமல் இருந்தது, அதையும் எடுத்துக்கொண்டேன். நாச்சிமுத்து வயலின் கிழக்கு வரப்பில் என்னை நிறுத்தினார். கரும்பு வெட்டி முடித்து ஆலைக்குப் போயிருந்தது. தரை முழுக்கக் கரி. கம்பி எப்படி உரசும், உரசினால் என்ன ஆகும் என்று அவர் இரண்டு விரலை வைத்துக் காட்டினார். இரண்டு கம்பி காற்றில் மோதினால் அந்த இடத்தில் அலுமினியம் உருகி, கம்பியில் பரு மாதிரி கொப்புளம் விழும். உருகிய துளிதான் கீழே விழுந்து, கரும்பின் காய்ந்த இலையான சோகையில் பிடிக்கும். கொப்புளம் பிறகு போகவே போகாது.

"ஒவ்வொரு கம்பியாப் பாருங்க. அவசரமில்லீங்க."

கம்பத்திலிருந்து கம்பம் வரை மூன்று கம்பிகளையும் பார்த்தேன். புகை படிந்திருந்தது. கொப்புளம் ஒன்றுகூட இல்லை. அடுத்த இடைவெளியிலும் இல்லை. கழுத்து வலித்தது. ஆய்வு தொடங்கிய நாளிலிருந்து எரிந்த வயல் ஒன்றில் நான் நின்று அண்ணாந்து பார்த்தது அன்றுதான் முதல் தடவை என்று உறைத்தபோது, கழுத்து வலியைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை இல்லை என்று தோன்றியது.

குப்பணனைப் பார்த்து நாலு வார்த்தை கேட்கலாம் என்றேன். நாச்சிமுத்து, "நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கயே இருக்கறனுங்க" என்று வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். வீட்டில் குப்பணன் இல்லை. அவர் மனைவி பாவாயி இருந்தார். ஐம்பது வயதிருக்கும். பத்திரிகையில் என் படத்தைப் பார்த்தவர். என்னைக் கண்டதும் ஒரே சந்தோஷம்.

"வாங்க டீச்சர், வாங்க! உக்காருங்க. நீங்க எழுதுனதுதானுங்க எங்களுக்கெல்லாம் தெம்பு. எங்கூட்டுக்காரரு டவுனுக்குப் போயிருக்காருங்க, வந்துருவாரு. டீ வெக்கட்டுங்களா?"

டீ வைத்தார். நான் எதையும் சுற்றி வளைத்துக் கேட்கவில்லை. அவ்வளவு சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. கரும்பு நல்ல விலைக்குப் போனதா என்றுதான் கேட்டேன்.

"வெலைய உடுங்க சாமி, வெட்டுனாங்களே அதே பெருசு. ஆலையிலருந்து கட்டிங் ஆர்டர் வரவே இல்லீங்க. மார்கழியில வெட்ட வேண்டியது, மாசி வரைக்கும் நிக்குது. பூத்துப் போச்சுங்க, இனி நிக்க நிக்க எடைதான் கொறையும். ஆளும் கெடைக்கல. எரிஞ்ச கரும்புன்னா ஆலையில உடனே எடுத்துக்குவாங்க, சாறு கெட்டுப் போயிருமில்லீங்களா? சோகையும் போயிருது, வெட்டறவங்களும் ஓடியாருவாங்க. இங்க எல்லாருமே பண்றதுதானுங்க அது."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். "தீயை… வைக்கிறதா?"

"ஆமாங்க. முந்தியெல்லாம் வயல்ல எங்க வேணாலும் வெப்பாங்க, கம்பி போகாத வயல் இங்க ஏதுங்க? கேட்டா கரண்டுன்னு சொல்லிக்கறது, தீயணைப்புக்காரங்களும் அப்படியே எழுதிக்குவாங்க. நீங்க எழுதுன பொறவு எங்கூட்டுக்காரரு படிச்சுக் காட்டுனாருங்க, கம்பிக்குக் கீழதான் புடிக்குதுன்னு. அதுனால கெழக்கால வரப்புல, கம்பிக்கு நேரா வெச்சமுங்க. காத்து அப்படித் திரும்பும்னு ஆரு கண்டாங்க? கரடு பத்துனதப் பாத்து நான் அழுதே போட்டேன் டீச்சர். ரண்டு நாள் சோறு எறங்கல."

ஒளித்துப் பேசவில்லை. அவருக்கு நான் தங்கள் பக்கத்து ஆள். எனக்குத் தெரியாத எதையும் தான் சொல்வதாகவே அவர் நினைக்கவில்லை. தீ எங்கே வைப்பது என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். இன்னொரு டம்ளர் டீ ஊற்றினார். குடித்தேன்.

வரப்புக்குத் திரும்பி வந்து நாச்சிமுத்துவிடம் சொன்னேன். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"கரும்பு பூத்து நின்னது எனக்குத் தெரியாதுங்களா? தெனமும் இந்த வழிதானுங்க போறேன்."

"அப்புறம் ஏன் உங்க ஆபீசுல சொல்லலை?"

அவர் பீடியைப் பற்ற வைக்கப் போனவர், பக்கத்து வயலில் காய்ந்து கிடந்த சோகையைப் பார்த்துவிட்டுத் திரும்பப் பையில் வைத்தார். "எம் புள்ளைய இந்த ஊருக்குத்தானுங்க கட்டிக் குடுத்திருக்குது. குப்பணன் அவளுக்குப் பெரிய மாமன் மொறை. நான் சொன்னா அது கோளுங்க. நீங்க சொன்னா ஆராய்ச்சி."

ஊருக்குத் திரும்பியதும் நேராகத் திருமூர்த்தி சார் அறைக்குப் போய், மருத்துவமனையில் சொன்ன பொய் உட்பட எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் அலமாரியிலிருந்து அறிக்கையை எடுத்து, ஜன்னல் ஓரம் போய், இரண்டு கண்ணாலும் வாசித்தார். சிவப்புப் புள்ளிப் படத்துக்கு வந்ததும் நிறுத்தினார்.

"இதை எங்க நின்னு பார்த்தீங்க?"

"தீயணைப்பு நிலையத்துல சார்."

"அங்க தீ இல்லைங்களேம்மா" என்றார்.

அவ்வளவுதான் திட்டு. நான் அழுதுவிட்டேன். அவர் பென்சிலை எடுத்து, படத்தைச் சுற்றி ஒரு பெரிய வட்டம் போட்டார். பிறகு அதே பக்கத்தின் அடியில், இந்த முடிவை மையம் திரும்பப் பெறுகிறது என்று எழுதித் தன் கையெழுத்தையும் போட்டார். விசாரணைக்கு நானே போய்ச் சொல்ல வேண்டும் என்றார். பாவாயி சொன்னதைச் சொல்வதா வேண்டாமா என்று கேட்டேன். "அவங்க என்கிட்ட சொல்லலை. உங்ககிட்ட சொன்னாங்க" என்று சொல்லிவிட்டு அறிக்கையை என்னிடம் நீட்டினார்.

விசாரணை நாளன்று நான் போட்டிருந்த திட்டம் எனக்கே பிடித்திருந்தது. அறிக்கை தவறு என்று சொல்வேன். கம்பியில் கொப்புளம் இல்லை என்று சொல்வேன். அதோடு நிறுத்திக்கொள்வேன். நாச்சிமுத்து தப்புவார், குப்பணனும் தப்புவார், என் மானம் மட்டும் போகும். அதுதானே நியாயம் என்று புடவையைக்கூடச் சாதாரணமாகக் கட்டிக்கொண்டு போனேன்.

விசாரணை அதிகாரி பொறுமையாகக் கேட்டார். எழுதிக்கொண்டார். நாச்சிமுத்து சுவர் ஓரம் நின்றுகொண்டிருந்தார்.

"சரிம்மா. உங்க அறிக்கை தப்புன்னு நீங்களே சொல்றீங்க. கம்பி உரசலைன்னும் சொல்றீங்க. அப்ப தீ எப்படி வந்துச்சு?"

"தெரியாதுங்க சார்."

"தெரியாதுன்னா இவர் மேல இருக்குறது இருக்குறபடியேதான் இருக்கும். காடு எரிஞ்சிருக்கு, ஏதாவது ஒரு காரணம் எழுதித்தானே ஆகணும்? வேற காரணம் இருந்தா இப்ப சொல்லுங்க. இல்லைன்னா முடிச்சுக்கலாம்."

நாச்சிமுத்து என்னைப் பார்க்கவில்லை. தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருடத்துக்கு மேல் கம்பம் ஏறிய கால்கள், பாதம் இரண்டும் வெளிப்பக்கமாக வளைந்திருந்தன. நான் சொல்லிவிட்டேன். யார் வீட்டில், யார் வாயால், எந்த வரப்பு என்று திருமூர்த்தி சாருக்குச் சொல்வது போல இடம் தவறாமல் சொன்னேன். அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நாச்சிமுத்து குறித்த தேதியில் மாலையோடு ஓய்வு பெற்றார். குப்பணன் வனத்துறை வழக்கில் வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைந்தார். எரிந்த கரும்பை ஆலை முதலில் எடுத்துக்கொள்ளும் வழக்கம் அந்தப் பக்கத்தில் நின்றுபோனது. நான் எப்படித் தவறினேன் என்பதை ஒரு கட்டுரையாக எழுதினேன். என் சரியான கட்டுரைகளை எல்லாம் சேர்த்தால்கூட அவ்வளவு பேர் வாசித்திருக்க மாட்டார்கள். அதை வைத்துத்தான் எனக்குப் பேராசிரியர் பதவி உயர்வும் வந்தது. இன்றைக்கும் புதிதாகச் சேர்கிற மாணவர்களுக்கு முதல் வாரம் அந்தக் கட்டுரையைத்தான் கொடுக்கிறார்கள். அதில் நான் எழுதாமல் விட்டது ஒரு கால் மணி நேரம். எங்கே நின்று பார்த்தேன் என்று எவரும் கேட்டால் சொல்ல எனக்கு இடம் இருக்கிறது. அந்த அலுவலகத்தின் தாழ்வாரம்.

விசாரணை அறையிலிருந்து வெளியே வந்தேன். பெஞ்சில் குப்பணன் உட்கார்ந்திருந்தார், அடுத்த சாட்சியாக அவரைக் கூப்பிடப் போகிறார்கள். பக்கத்தில் பாவாயி, மடியில் மூன்றடுக்கு டிபன் கேரியர். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"முடிஞ்சுதுங்களா டீச்சர்? நீங்க வந்தது நல்லதாப் போச்சுங்க. எங்கூட்டுக்காரருக்கு இந்த ஆபீசு, கேள்வியெல்லாம் பழக்கமில்ல, காத்தாலருந்து பயந்துக்கிட்டே இருக்காரு. நீங்க உள்ள இருக்கீங்கன்னு சொன்னொடனதான் கொஞ்சம் தெம்பானாரு."

உள்ளேயிருந்து குப்பணன் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, போகிற போக்கில் என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். கதவைச் சாத்தினார்கள்.

சொல்லியிருக்க வேண்டும். உன் வீட்டில் நீ சொன்னதை உள்ளே சொல்லிவிட்டு வந்தேன் என்று ஒரு வாக்கியம்தான். அதிகாரியிடம் அவ்வளவு ஒழுங்காகச் சொன்ன வாய் அது.

"மணி ரண்டாகுதுங்க. சாப்பிட்டிருக்க மாட்டீங்க" என்று பாவாயி கேரியரைத் திறந்தார். "புளிச்சோறுதானுங்க. நீங்க வருவீங்கன்னு சேத்தித்தான் கட்டியாந்தேன். அவரு வாரதுக்குள்ள நீங்க சாப்பிடுங்க சாமி."

மூடியில் சோற்றை அள்ளி வைத்து, மேலே ஒரு வடகத்தையும் வைத்து நீட்டினார். நான் வாங்கிச் சாப்பிட்டேன். இன்னும் கொஞ்சம் வைத்தார். அதையும் சாப்பிட்டேன். நன்றாக இருக்கிறது என்றும் சொன்னேன். பிறகு கதவு திறக்கும் சத்தம் கேட்டதும், கை கழுவிவிட்டு வருகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு, பின்பக்கப் படி வழியாக இறங்கி பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டேன்.